கரண்டைப் பிடுங்கச் சொன்னது யார்?

"கரண்டைப் பிடுங்கிட்டீங்களா? வெளியில நாப்பத்தெட்டு டிகிரி! உள்ள படுத்த படுக்கையா ஒரு மனுஷன் கிடக்காரு. நெஞ்சுல ஈரமே கிடையாதா உஸ்தா?"

ஓய்நிசா போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. உஸ்பெகிஸ்தானின் தெர்மெஸ் நகரத்து ஜூலை மதியம். அனல் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது.

மின்சார அலுவலகத்து மேஸ்திரி ஹம்தாம் அசரவில்லை; ஊருக்கு அவர் 'உஸ்தா'. கழற்றிய ஃப்யூஸை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மெல்லிய இழை இருக்க வேண்டிய இடத்தில் வேலிக் கம்பி சுற்றியிருந்தது.

"இது யார் வேலை?"

"என் வீட்டுக்காரர்தான். அடிக்கடி ஃப்யூஸ் போச்சு, சுத்தினாரு. இந்த வீட்டு ஒயரிங்கே அவர் கையால செஞ்சது. ரெண்டு ஏசி, ஒரு ஃப்ரீசர். அதுக்கப்புறம் ஒரு நாளும் நின்னதில்ல."

"நிக்க வேண்டிய நேரத்துல நிக்கலைன்னா ஆபத்து தங்கச்சி. சுவருக்குள்ள ஏதோ புகையுதுன்னு எங்களுக்குப் போன் வந்துச்சு. பார்க்காம கரண்ட் குடுக்க மாட்டேன்."

"போனா? யாரு போட்டது?"

"அதைச் சொல்லக் கூடாது."

சொல்லவே வேண்டாம், அவளுக்குத் தெரியும். அடுத்த வீட்டு பர்னோ! "நீங்க ஏசி போட்டா என் வீட்டு பல்பு மங்குது"ன்னு போன வாரம்தான் சண்டைக்கு வந்தாள்.

ஓய்நிசா தெருவில் இறங்கினாள்.

"உன் வீட்டுல ஏசி இல்லைன்னா எங்க வீட்டுலயும் இருக்கக் கூடாதா? என் மாமனார் வெந்து செத்தா அந்தப் பாவம் உன்னைச் சும்மா விடுமா? நீ நல்லாவே இருக்க மாட்டே!"

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

பர்னோ கதவைத் திறந்தாள். "நான் யாருக்கும் போன் போடல ஓய்நிசா. நம்பினா நம்பு, நம்பாட்டி போ. முதல்ல பெரியவரை இங்க கொண்டு வா. திராட்சைப் பந்தல் இருக்கு. தண்ணி தெளிச்சு வைக்கிறேன்."

வேறு வழியில்லை. நாலு பேர் சேர்ந்து பெரியவர் ஒல்லாயாரைக் கட்டிலோடு தூக்கி, பர்னோவின் பந்தலுக்கடியில் இறக்கினார்கள். மறந்துபோன அவருடைய தலையணையையும் போனையும் எடுத்து வர ஓய்நிசா திரும்ப வீட்டுக்குள் போனாள்.

கட்டில் இருந்த இடத்தில், சுவரில் தொங்கிய கம்பளத்தை உஸ்தா விலக்கினார். உள்ளே பூச்சு, ரொட்டி கருகின மாதிரி பழுப்பேறிக் கிடந்தது. உளியால் தட்டினார். பழைய அலுமினியக் கம்பியையும் செம்புக் கம்பியையும் முறுக்கிச் சேர்த்த இடம். மேல்தோல் உருகி, கரியாகி, இன்னும் சுட்டது.

"இந்த ஒயர்ல ரெண்டு ஏசியா? கழுதை மேல ஒட்டகத்தை ஏத்தின கதைதான். வெயில்ல சுவரே கொதிக்குது. உள்ள ஓடுற கம்பி என்ன பாடுபடும்! இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா கம்பளம் பத்தியிருக்கும். பெரியவரால எழுந்து ஓட முடியுமா, சொல்லு?"

ஓய்நிசா தலையணையையும் போனையும் எடுத்துக்கொண்டாள்.

அப்போது வெளியே கார் கிறீச்சிட்டு நின்றது.

அவள் கணவன் ரோஸிகுல். டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு யாரோ தகவல் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குள் வரவில்லை. சக்கரம் கழற்றுகிற இரும்புச் சாவியோடு நேரே பர்னோவின் வாசலுக்குப் போனான்.

"என் வேலையில குத்தம் சொல்ல நீ யாரு? வெளியில வா!"

"நான் சொல்லல தம்பி."

"பொய்! உன்னைத் தவிர யாருக்கு இந்தப் பொறாமை?"

அவன் கை உயர்ந்தது. ஒருத்தரும் குறுக்கே போகவில்லை.

ஓய்நிசா ஓடி வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"அவங்க இல்ல. போன் போட்டது நான்."

கூட்டத்தில் ஒருத்தி ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி! நீயே போன் பண்ணிட்டு, இந்தப் பொம்பளைக்குச் சாபமா விட்டே?"

"கட்டின புருஷனையே காட்டிக் குடுத்திருக்கா. என்ன நடிப்புடா சாமி!"

ஓய்நிசா தலை நிமிரவில்லை. "மன்னிச்சிடுங்கக்கா" என்றாள் பர்னோவிடம்.

"நீயா?" ரோஸிகுலின் குரல் உடைந்தது. "என் கைவேலை மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"இல்லை."

உஸ்தா கருகிய ஒயரை அவன் கையில் வைத்தார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்பாவின் கட்டிலைப் பார்த்தான். இரும்புச் சாவியைக் கீழே போட்டான்.

"என்ன பண்ணணும் உஸ்தா?"

"மீட்டர்ல இருந்து புதுசா தடிச்ச செம்புக் கம்பி. ஒவ்வொரு ஏசிக்கும் தனி லைன், தனி பிரேக்கர். அப்புறம் எர்த். வறண்ட மண்ணு, மேலாப்புல புதைச்சா பிரயோஜனமில்ல. ஈரம் தட்டுற வரைக்கும் தோண்டணும்."

ரோஸிகுல் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியைத் தேடிப் போனான். கூட்டமும் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

பந்தலுக்கடியில், ஓய்நிசா மாமனாருக்கு ஈரத்துணியால் முகம் துடைத்துவிட்டாள். கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன.

"ஊரே உன்னைக் காறித் துப்புதேம்மா… போன் போட்டது நான்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தலையணையை எடுக்கும்போது உங்க போனைப் பார்த்தேன் மாமா. கடைசியா கூப்பிட்டிருந்தது மின்சார ஆபீசை."

"அப்ப உண்மையைச் சொல்லிட வேண்டியதுதானே?"

ஓய்நிசா குரலைத் தாழ்த்தினாள்.

"பொண்டாட்டி நம்பலைன்னா ரெண்டு நாள் பேசாம இருப்பாரு, அவ்வளவுதான். பெத்த அப்பாவே நம்பலைன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு மாமா."