இரண்டு ரிலே

"மோட்டாரு ஒரே பக்கமாச் சுத்தக் கூடாது தம்பி. முன்னால போகணும், திரும்பப் பின்னால வரணும்" என்றாள் சைனம்பு.

நாகல் நகரில் மிக்ஸி, ஃபேன் பழுது பார்க்கும் வாஜித் நிமிர்ந்தான். "பேரப்பிள்ளைக்குத் தொட்டிலாக்கா?"

"அது மாதிரின்னு வச்சுக்க. செலவு மட்டும் கம்மியா இருக்கட்டும்."

"புதுசா ஐசி போட்டாத்தான் செலவு. பழைய ஸ்டெபிலைசர்ல கழட்டின ரிலே ரெண்டு கிடக்கு. ஒண்ணு முன்னால சுத்த விடும், இன்னொண்ணு பின்னால சுத்த விடும். எம்புட்டு கனம் ஆடணும்?"

"ஒரு வாட்ச் கனம்."

வாஜித்துக்குப் புரியவில்லை. கேட்டபடி செய்து கொடுத்தான்.

வீட்டில் சைனம்பு அந்த மோட்டாரில் ஒரு ஸ்கேலைக் கட்டி, நுனியில் மகன் நியாஸ் ஷார்ஜாவிலிருந்து அனுப்பிய வாட்சை மாட்டினாள். டக், டக் என்று ரிலே மாறி மாறி விழுந்தது. ஸ்கேல் சாயங்காலம் வரை இங்கும் அங்கும் வீசிக்கொண்டிருந்தது. கட்டிலில் படுத்திருந்த அவள் கணவர் சனாவுல்லா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மக்ரிப் தொழுகைக்குப் பிறகு நியாஸ் போன் செய்தான்.

"அத்தா! இன்னைக்கு ஆறாயிரம் ஸ்டெப் நடந்திருக்கீங்கன்னு உங்க வாட்ச் கணக்கு என் போன்ல காட்டுது. நீங்க நடக்குறதைப் பார்த்துத்தான் நான் இங்க நிம்மதியா வேலை பாக்குறேன். இல்லாட்டி விட்டுட்டு வந்திருப்பேன். வலது கால் புண்ணு எப்படி இருக்கு?"

"அது இப்ப இல்லப்பா" என்றார் சனாவுல்லா.

அவர் பொய் சொல்லவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது, காலோடு புண்ணும் போய்விட்டது.