யுரேனியக் கோட்டில் ஒரு மேடு

ஆய்வகத்தில் எல்லோரும் காந்தம் என்று கூப்பிடும் ஆராய்ச்சியாளரிடம் கடுகளவு யுரேனியக் கலப்பு உலோகம் இருந்தது. கடுங்குளிரில் அது எப்படிக் காந்தமாகிறது என்று அளப்பது அவர் வேலை. திரையில் கோடு ஒழுங்காகத்தான் ஏறும். நடுவில் மட்டும் சம்பந்தமே இல்லாமல் ஒரு மேடு எழும். அது அடங்கியதும் அவருடைய அக்காவின் போன் வரும்.

"சாப்பிட்டியாடா?"

அக்கா நேரம் மாற்றிக் கூப்பிட்டாலும் மேடு முந்திக்கொண்டது. யுரேனியத்துக்குப் பதிலாகத் தோரியம் கலந்த துண்டை வைத்துப் பார்த்தார். போன் வந்தது, கோடு அசையவில்லை.

"மேட்டுக்குக் காரணம் சொல்லுங்க. இல்லேன்னா கருவியை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்" என்றார் துறைத்தலைவர்.

"எங்கக்கா, சார்" என்று எப்படிச் சொல்வது? மறுபடி யுரேனியத்தை வைத்து, போனை அணைத்துப் போட்டார். சில நாள் கோடு சமர்த்தாக ஏறியது. பிறகு ஒரு மதியம் மேடு திடீரென்று கிளம்பி, திரையின் விளிம்பைத் தொட்டது. கதவைத் திறந்துகொண்டு பையும் கையுமாக அக்கா வந்தாள்.

"போனை எடுக்க மாட்டேங்கிற. அதான் நேர்லயே வந்துட்டேன்."

அவள் உட்காருவதற்குள் இன்னொரு மேடு.

"கூட யாருக்கா?"

"உங்கத்தான்தான். காரை நிறுத்திட்டு வர்றாரு."

அத்தான் வியர்வையைத் துடைத்தபடி வந்து வாசலில் நின்றார். காந்தம் பெருமூச்சு விட்டார். கோட்டில் மறுபடியும் ஒரு மேடு எழத் தொடங்கியது.

"வேற யாருக்கா?"

"நாங்க ரெண்டு பேருதாண்டா வந்தோம். ஏன், முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?"

வாசலில் நின்ற அத்தான், யாருக்கோ வழி விடுவதுபோல், மரியாதையாகச் சற்று ஒதுங்கி நின்றார்.