முயலுக்கு நாலு தாள்

படக்கதைப் புத்தகத்தில் ஒரு முயல் தனக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. காலை நீட்டிப் படுக்க ஒரு முயலுக்கு நாலு செய்தித்தாள் விரிக்கிற பரப்பாவது வேண்டும் என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது. உங்கள் வகுப்பறையையும் இப்படியே அளந்து பாருங்கள் என்றும் இருந்தது. ரெஜினா டீச்சர் பெஞ்சுகளை வெளியே போடச் சொன்னாள். பிள்ளைகள் மூலைமுடுக்கு விடாமல் தாள் விரித்தார்கள். தொண்ணூற்றிரண்டு தாள் பிடித்தது. வகுப்பில் நாற்பத்தாறு பேர்.

மறுநாள் பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி, "பரப்பளவுல என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

செண்பகா எழுந்தாள். "முயலுக்கு நாலு தாள் சார். எங்களுக்கு ஆளுக்கு ரெண்டு."

அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. "இதெல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததா டீச்சர்?"

"நீங்க அனுப்புன புத்தகம்தான் சார்."

இன்னொரு வகுப்பறை கேட்டு மூன்று வருடமாக ரெஜினா எழுதிய மனுக்களும் அவர் மேசையில்தான் கிடந்தன. அவர் புத்தகத்தைப் புரட்டினார்.

"இந்தப் பக்கத்துமேல வெள்ளைத்தாள் ஒட்டிடுங்க. எல்லாப் புத்தகத்துலயும்."

ஜீப் கிளம்பும்வரை ரெஜினா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கரும்பலகையில் எழுதப் போனாள். அழுத்திய அழுத்தில் சாக்பீஸ் ஒடிந்து தெறித்தது.

"எல்லாரும் ஸ்கேலை எடுங்க. அந்தப் பக்கம் என்ன நீளம், என்ன அகலம்? நாற்பத்தாறு புத்தகத்துலயும் முயலை மறைக்க எவ்வளவு தாள் வேணும்? நோட்டுல எழுதுங்க. மேல தேதியைப் போடுங்க. மறைக்கச் சொன்னவர் பேரையும் போடுங்க."