கேட்டில் விட்ட தீப்பெட்டி

அந்தப் பெண்பிள்ளை அறைக்குள் கால் வைத்ததுமே சந்திரமௌலி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

தாராவியில் தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடையும் மழையில் நனைந்த புடவை வாடையும் அவளோடு சேர்ந்து உள்ளே வந்தன. பெட்ரோல் நெடியில் ஏற்கெனவே அவருக்குப் பாதி உயிர் போயிருந்தது.

சிவ்ரியில் ஒரு பெட்ரோல் டிப்போவின் கேட் செக்கர் அவர். மாட்டுங்காவில் விடியலிலேயே குளித்து, விபூதி இட்டு, சலவை வேட்டியும் கோட்டுமாக வந்து உட்காருகிற மனிதர். அவரைப் போய் டாங்கி லாரிகளின் அடியில் குனிந்து பார்க்கச் சொன்னது கம்பெனி. அந்த எண்ணெய்ச் சேற்றை நினைத்தாலே அவருக்கு உவ்வே என்று வரும்.

வேலை என்னவோ இரண்டே இரண்டுதான். உள்ளே வரும் டிரைவர்களிடம் தீப்பெட்டியை வாங்கி நம்பர் போட்ட மர அறைகளில் வைக்க வேண்டும். வெளியே போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்தது, நிரம்பிய லாரியின் பின்னால் தொங்கும் இரும்புச் சங்கிலி தரையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டால்தான் ஓட்டத்தில் டாங்கியில் ஏறுகிற மின்சாரம் மண்ணில் இறங்கும். இல்லாவிட்டால், பெட்ரோல் இறக்கக் குழாயை மாட்டுகிற நேரத்தில் ஒரு பொறி போதும்.

சங்கிலியை அவர் குனிந்து பார்த்ததே இல்லை. நாற்காலியில் இருந்தபடியே அது தரையில் உரசும் சத்தத்தைக் கேட்டு, சீட்டில் ‘சரி’ என்று எழுதிவிடுவார். கண் எதற்கு, காதே போதும் என்று பெருமை வேறு.

ஆறு நாளைக்கு முன்னால் மாஹிமில் ஒரு பங்க்கில் லாரி தீப்பிடித்தது. டிரைவர் வானமாமலை கருகிச் செத்தான். பங்க்கை ஒட்டிப் பூ விற்றுக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் செத்தார்கள். இரண்டு பேரும் அவன் குடியிருந்த வரிசைவீட்டு வளவைச் சேர்ந்தவர்கள்.

விசாரணைக்கு வந்த பார்ஸி அதிகாரி ஜஹாங்கீர் இப்போது மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். குஜராத்தி, ஹிந்தி, இங்கிலீஷ் மூன்றும் பொழிகிற மனிதருக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. டிரைவர் பீடி பற்றவைத்திருப்பான், இவன்களைத் திருத்தவே முடியாது என்று சந்திரமௌலி காலையிலேயே சொல்லி முடித்திருந்தார்.

வந்து நின்றவள் வானமாமலையின் மனைவி ஆறுமுகத்தாய். அவளுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது.

“சாமி, அவுக தீப்பெட்டி இங்கன கெடக்கும்லா, அதக் குடுங்க. அன்னைக்கு மாஹிமுக்குப் போற வழியில ஒரு வாய் கஞ்சி குடிக்க வந்தாக. மடியத் தடவிப் பாத்துட்டு, தீப்பெட்டிய கேட்டுலயே மறந்துட்டு வந்துட்டேன்னாக. வீட்டுல இருந்தது அந்த ஒரு பெட்டிதான். இந்த யுத்த காலத்துல கடையிலயும் கெடைக்க மாட்டேங்கு. வளவுல தீ கேட்டா, ரெண்டு பேரக் கொன்னவன் பொண்டாட்டிக்குத் தீ ஒரு கேடான்னு கதவச் சாத்துதாக. பிள்ளையளுக்கு ஆறு நாளா உல வைக்கல சாமி.”

சந்திரமௌலி கைக்குட்டையை மூக்கில் இன்னும் அழுத்திக்கொண்டார்.

அவர் முதுகுக்குப் பின்னால், பதினேழாம் நம்பர் மர அறையில், அது இருந்தது. அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். ஆறு நாளாக அந்தப் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்திருந்தார்.

தீப்பெட்டி இங்கே கிடக்கும்போது பங்க்கில் அவன் பீடியை எதைக் கொண்டு பற்றவைத்திருப்பான்? தான் சொன்னதில் இவ்வளவு இருக்கிறது என்று அந்தப் பேதைக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் எடுத்துச் சொன்னால் போதும், செத்தவன் மேலிருக்கிற பழி போய்விடும். வளவில் கதவு திறக்கும். பீடி இல்லையென்றால் பிறகு எது என்று ஜஹாங்கீர் கேட்பார்.

என்ன கேட்கிறாள் என்று ஜஹாங்கீர் பேனாவைத் திறந்தார்.

புருஷன் செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்றார் சந்திரமௌலி, நல்ல இங்கிலீஷில்.

ஜஹாங்கீர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சொன்னதை ஒரு வரியாக ரிப்போர்ட்டில் எழுதினார். பாவம், ஏதாவது கொடுத்து அனுப்பும் என்றார்.

சந்திரமௌலி எழுந்தார். மர அறையை முதுகால் மறைத்துக்கொண்டு தீப்பெட்டியை எடுத்தார். மூக்கைப் பொத்தியிருந்த கைக்குட்டையிலேயே அதைச் சுற்றி, அவள் மேல் விரல் படாமல் கையில் போட்டார். சில்லறை என்று ஜஹாங்கீர் நினைத்திருக்க வேண்டும், தலையை ஆட்டினார்.

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நல்லா இருக்கணும் சாமி.”

இனி ஒரு வாரமோ பத்து நாளோ, குச்சி குச்சியாக அவளே அதை எரித்துத் தீர்த்துவிடுவாள்.

அவள் போய்விட்டாள். வாடை மட்டும் போகவில்லை. அறையெல்லாம் நாறுவதுபோல் இருந்தது. தன் கோட்டை முகர்ந்து பார்த்தார். குழாயடிக்குப் போய்க் கையை மூன்று தரம் கழுவினார். துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை இல்லை.

அங்கே, சேற்றுக்குள்ளிருந்து, அறுந்த சங்கிலி ஒரு சாண் வெளியே தெரிந்தது.

அன்றைக்குத் தகரக் கூரையில் மழை கொட்டியதில் ஒரு சத்தமும் காதில் விழவில்லை. ‘சரி’ என்று எழுதி அனுப்பிய கால் மணி நேரத்தில், வானமாமலையின் லாரி நின்றிருந்த இடத்தில் அதைப் பார்த்தார். மாஹிமுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். எண்ணெய் வழிகிற சங்கிலியைக் கையால் எடுக்க அருவருத்து, செருப்புக் காலால் குழாயடிக்குத் தள்ளிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இன்றும் அவர் குனியவில்லை. அதே காலால் இன்னும் கொஞ்சம் சேற்றை அதன் மேல் இழுத்துவிட்டார்.