புர்காவுக்குள் பரீட்சை

"யாராவது விலை கேட்டா, ‘உங்ககிட்டப் போய்க் காசா’ன்னு உபசாரம் பண்றதை நிறுத்து ஷகீபா. நிஜம்னு நம்பி ஊறுகாய் பாட்டிலோட போயிடறாங்க. நாளைக்கு நானே புர்கா போட்டுட்டு வந்து உன்னைச் சோதிப்பேன்," என்றாள் ஹுமைரா. ஹெராத் நகரப் பெண்களுக்குச் சம்பளம் வாங்காமல் வியாபாரம் கற்றுத்தருபவள்.

மறுநாள் ஷகீபாவின் ஊறுகாய்க் கடைக்கு ஒரு நீலப் புர்கா வந்தது.

"பாட்டில் என்ன விலை?"

குரலை மாற்றினால் தெரியாதா? ஷகீபா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நூத்தம்பது அஃப்கானி."

"நூறுக்குக் கொடும்மா. உங்கப்பாவை எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்பாவே வந்தாலும் நூத்தம்பதுதான், ஹாலா ஜான்," என்று சித்தி முறை வைத்துச் சொன்னாள்.

"வாய் ரொம்ப நீளம்!"

"ஊறுகாயைவிட காரம் கம்மிதான். ருசி பாருங்க."

ருசி பார்த்த புர்கா, இருந்த பன்னிரண்டு பாட்டிலுக்கும் முழுப் பணத்தையும் வைத்துவிட்டு வாங்கிப் போனது. பரீட்சையிலும் டீச்சர் தாராளம்தான் என்று நினைத்துக்கொண்டாள் ஷகீபா.

அரை மணி கழித்து ஹுமைரா மூச்சிரைக்க வந்தாள்.

"மன்னிச்சுக்க, பஸ் கிடைக்கலை. இரு, போட்டுட்டு வந்து ஆரம்பிக்கிறேன்," என்று பையிலிருந்து மடிப்புக் கலையாத புர்காவை எடுத்தாள்.

ஷகீபா வாசலைப் பார்த்தாள். கையிலிருந்த பணத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உள்ளே வைங்க டீச்சர். பரீட்சைக்கு ஒரு பாட்டில்கூட மிச்சமில்லை."