மீன்கொத்தி பாய்வதற்குள்

கேமராவுக்குள் மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலாக விரியும் அப்பர்ச்சர், கதவைத் திறந்து மூடும் ஷட்டர், மங்கலைப் பளிச்சென்று தூக்கிக் காட்டும் ஐஎஸ்ஓ. படம் எடுக்கப் பழகும் ரெஜினா, அன்றுதான் மூவருக்கும் தன் கையாலேயே அளவு வைத்தாள்.

கிளையில் மீன்கொத்தி கழுத்தை நீட்டியது.ஷட்டர் அப்பர்ச்சர் பக்கம் திரும்பியது.

"அண்ணே, சொன்ன அளவு திறப்பீங்கல்ல?"

"உன் வேலையைப் பாரு," என்றது அப்பர்ச்சர். ஐஎஸ்ஓ முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இவர்களை நம்பினால் படம் இருட்டிவிடும் என்று பயந்து, ஷட்டர் கதவைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்தே வைத்தது.

மீன்கொத்தி பாய்ந்தது. படம் வெள்ளைவெளேரென்று விழுந்தது.

"நீங்களும் வெளிச்சத்தைக் கூட்டிட்டீங்களா?" என்று ஷட்டர் கேட்டது. "உன்னை நம்ப முடியலையே," என்றார்கள் இருவரும்.

ரெஜினா, எல்லாவற்றையும் கேமராவே முடிவு செய்யும் ஆட்டோ மோடுக்கு மாற்றினாள். அன்றோடு மூவரின் பேச்சும் எடுபடாமல் போனது.