முப்பத்தைந்து டிகிரி, இரண்டு மில்லிமீட்டர்

“கதவைச் சாத்திக்கிட்டுத் தட்டுங்க சார். நான் இங்க இருந்தே கேக்குறேன்” என்றாள் அந்தப் பெண்.

விளையாட்டுச் சாமான் கடைக்காரருக்குப் புல்லரித்தது. இருபது வருடமாக டேபிள் டென்னிஸ் பேட்டுக்கு ரப்பர் ஒட்டுகிறார். வருகிறவர்கள் கலரைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள். ரப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சை ஒருத்தரும் சட்டை செய்ததில்லை. பந்து தட்டும் சத்தத்தை வைத்தே ஸ்பாஞ்சைத் தேர்ந்தெடுக்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

கடைக்காரருக்குத் தெருவில் ‘மில்லிமீட்டர்’ என்று பெயர். மனைவி சுட்ட ரொட்டியை “ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் கூடிப்போச்சு” என்று சொல்லிவிட்டு இரண்டு வேளை பட்டினி கிடந்த மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

இன்று அவருக்கு வேறொரு கவலை. ஞாயிற்றுக்கிழமை கலப்பு இரட்டையர் இறுதிப் போட்டி. எதிரில் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். மூன்று வருடமாகக் கோப்பை அவர்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. மில்லிமீட்டரின் ஜோடியான மச்சினிச்சியோ படியில் கால் பிசகி, கட்டுப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள். ஆறு மணிக்குள் வேறொரு பெண்ணின் பெயரை எழுதிக் கொடுக்காவிட்டால், பந்தைத் தொடாமலே மருந்துக்கடைக்கு நாலாவது கோப்பை.

அந்த நேரத்தில்தான் இவள் வந்தாள். இரண்டு பழைய பேட்டுகளை, பிடியில் விரல் படாமல், விளிம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். “ரெண்டுக்கும் நல்ல ரப்பரா ஒட்டணும் சார்.”

‘பிடியில் வியர்வைகூடப் படவிடமாட்டேன் என்கிறாளே!’ அப்போதே மில்லிமீட்டருக்குப் பொறி தட்டிவிட்டது.

மாதிரி பேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். ஸ்பாஞ்சின் கெட்டித்தன்மைக்கு டிகிரிதான் கணக்கு. முதலில் நாற்பத்தேழு டிகிரி, கெட்டி ஸ்பாஞ்சு. தட்டினால் பந்து கூரைக்குப் பறந்தது. டக், டக், டக்.

“ஐயையோ, வேண்டவே வேண்டாம்!”

நாற்பத்திரண்டு.

“இதுவும் காதுல குத்துது சார்.”

காதில் குத்துகிறதாம்! என்ன காதுடா சாமி என்று உருகிப்போனார் மில்லிமீட்டர். அடுத்தது முப்பத்தைந்து டிகிரி, மெத்தென்ற ஸ்பாஞ்சு. ஆனால் ஒன்றரை மில்லிமீட்டர்தான் கனம்.

“மெத்துனுதான் இருக்கு. ஆனா அடியில கட்டை சத்தம் கேக்குதே.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்பாஞ்சு மெலிதாக இருந்தால் பந்து கட்டையைப் போய்த் தொடும் என்பதைப் பயிற்சியாளர்கள் வருடக்கணக்கில் சொல்லியும் பலர் மண்டையில் ஏறுவதில்லை. இவள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு சொல்கிறாள்!

கடைசியாக அதே முப்பத்தைந்து, இரண்டு மில்லிமீட்டர் கனத்தில். பொத். பொத். பொத்.

எட்டிப் பார்த்தார். அவள் சுவரில் தலை சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். “இதுதான் சார்” என்றாள், கண்ணைத் திறக்காமலே. “இதையே ஒட்டிடுங்க.”

பக்கத்துக் கடை வாட்ச் ரிப்பேர்காரர் தலையை நீட்டினார். “என்னய்யா மில்லிமீட்டர், குயில் கடிகாரம் மாதிரி உள்ள போற, வெளிய வர்ற?”

“வாயை மூடுய்யா” என்று கிசுகிசுத்தார் மில்லிமீட்டர். “கோப்பை தானா நடந்து கடைக்குள்ள வந்திருக்கு.”

பசை தடவிக்கொண்டே மெதுவாகத் தூண்டில் போட்டார். “ஆட்டம் தினமும் உண்டா மேடம்?”

“மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சா ஆறு வரைக்கும் சார். ஒரு நாள்கூட லீவு கிடையாது.”

நாலு மணி நேரம்! மருந்துக்கடைக்காரர் மனைவி வாரத்துக்கு ஒரு நாள் ஆடினாலே அதிகம்.

“மேசையெல்லாம் எப்படி?”

“நாலு காலுக்கும் போன வாரமே ரப்பர் புஷ் மாட்டியாச்சு. பேட்தான் பாக்கி.”

மேசை மயிரிழை அசையக்கூடாது என்று எவ்வளவு அக்கறை! ஒட்டுகூலி வேண்டாமென்று சொல்லிவிட்டார் மில்லிமீட்டர். அவர் அப்படிச் சொல்லி இதுவரை கேட்டிராத வாட்ச் ரிப்பேர்காரர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம். மில்லிமீட்டர் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை மேசைமேல் விரித்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கிழமை ஃபைனல். எனக்கு ஜோடி இல்லை. உங்களை மாதிரி ஒரு ஆட்டக்காரி கிடைக்க நான் குடுத்துவெச்சிருக்கணும். பேரை மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு படிவத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேட்டையும் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள்.

“ஆடுறவங்க மாடி வீட்டுக்காரங்க சார். நான் கீழ் வீடு.”